காலம் கடந்து வந்த சொல்

பள்ளிக் கொடுமையையும் பதின்வயதினரின் தற்கொலையையும் பேசும் புனைவுகளை இக்காலத்தின் விளைச்சல் என்றே எண்ணியிருக்கிறோம். 1906-லேயே ஜெர்மன் மொழியில் இரு நாவல்கள் அப்பாதையில் நடந்துவிட்டன. ராபர்ட் மூசிலின் 'இளம் டோர்லெஸ்' நாவலில், விடுதிப்பள்ளியில் ஒரு மாணவனை இருவர் வதைக்க, டோர்லெஸ் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சக்கரத்தின் அடியில்' நாவலிலோ, படிப்பின் பாரத்தால் நசுங்கிய ஹான்ஸ் ஆற்றில் பிணமாகிறான். விபத்தா, தற்கொலையா என்று ஹெஸ்ஸே சொல்வதில்லை. 1892-ல் மௌல்பிரான் இறையியல் பள்ளியிலிருந்து தப்பியோடியவர் அவர்.

2007-ல் வெளிவந்த ஜே ஆஷரின் 'பதின்மூன்று காரணங்கள்' நாவலில், இறந்த பெண்ணே ஒலிநாடாக்களில் பேசுகிறாள். அவளைக் காயப்படுத்தியவர்கள் கேட்டாக வேண்டும். 2017-ல் அது தொடராக வந்தபோது மனநல வல்லுநர்கள் எச்சரித்தனர். மரணக் காட்சியை நெட்ஃபிளிக்ஸ் 2019-ல் நீக்கியது.

ஆயினும் நம்மை உறுத்துவது அக்காட்சி மட்டுமன்று. இறந்தபின்னாவது தன் சொல் எடுபடும் என்னும் மயக்கம். எடுபட்டாலும் அதைக் காண அவள் இல்லை. ஹெஸ்ஸே அம்மயக்கத்தைத் தரவில்லை. அடக்கத்தன்று செருப்புத் தைக்கும் ஃபிளைக், ஆசிரியர்களைச் சுட்டி அவர்களுக்கும் இதில் பங்குண்டு என்கிறார். தாமும் ஹான்ஸின் தந்தையும்கூடச் சிலவற்றைத் தவறவிட்டிருக்கலாம் என்கிறார். உயிரோடிருப்பவரின் சொல் அது. ஹான்ஸ் கேட்கும் காலத்தில் அது வந்திருக்க வேண்டும்.