முதுமையும் வழிநடை வேட்கையும்

முதுமையிலும் ஓய்ந்திராது புறப்படத் துடிக்கும் உள்ளத்தைப் பாடிய ஆங்கிலப் பாட்டுகளுள் டென்னிசனின் ‘யுலிசீசு’ பெயர்பெற்றது. நண்பர் ஹாலம் மறைந்த 1833ஆம் ஆண்டில் அதனை எழுதியபோது அவர்க்கு அகவை 24. இளைஞர் ஒருவர் முதுமையைப் போர்த்துக்கொண்டு பாடினார் என்க. இத்தகைய போர்வை தமிழிலும் உண்டு.

புறநானூற்று 243ஆம் பாட்டின் முதியவர் மருதமரக் கிளையினின்று மடுவில் பாய்ந்து மணல் அள்ளிவந்த இளமையை எண்ணி ஏங்குகிறார். கையிலோ ஊன்றுகோல், பேச்சிடையே இருமல். வேட்கை உண்டு, செலவு இல்லை. முதுமையிலும் நடந்தவர் என மக்கள் நினைப்பது ஔவையாரையே.

அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. ஒருகால் அங்குச் செல்லப் பொம்மிடியில் இரயிலை விட்டிறங்கிய யான், நிலையத்தில் நின்ற மாணவர் சிலரிடம் ஔவையார் எவ்வாறு இருந்திருப்பார் என வினவினேன். கோலூன்றிய கிழவி என்றனர் அனைவரும். 1953இல் வெளிவந்த திரைப்படத்தில் நாற்பதுகளில் இருந்த கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற கோலமும் அதுவே.

சங்கப் பாட்டுகளோ வேறு கூறுகின்றன. 89ஆம் பாட்டில் பகைவேந்தன் அவரை மைதீட்டிய கண்ணும் ஒளிநுதலும் உடைய விறலி என விளிக்கிறான். விறலி கூற்றாக வைத்துப் பாடினார் எனலும் ஆம். எனினும் முதுமைக்கு ஈண்டுச் சான்றில்லை. நெல்லிக்கனி நெடிய வாழ்நாளுக்கு உரியது, நரைக்கு உரியதன்று.

அம்முதுமை எங்கிருந்து வந்தது? மணம் பேசியபோது பிள்ளையாரை வேண்டி இளமையை உதறினார் என்பது பிற்காலக் கதை. ஔவையார் பலர் என ஆராய்ச்சியாளர் பகுப்பர். கதை அனைவரையும் ஒருவராக்கிவிட்டது. ஊர்தோறும் தனியே நடக்கும் பெண்ணை இளையவளாக எண்ணப் பிற்காலத்தார் அஞ்சினர். நரையை அவளுக்கு வழித்துணை ஆக்கினர் என்பது என் கருத்து. டென்னிசன் போர்வையைத் தாமே அணிந்தார். ஔவையார்க்கோ பிறர் அணிவித்தனர்.

206ஆம் பாட்டில் பரிசில் நீட்டித்த அதியமானின் வாயிலிலே யாழையும் மூட்டையையும் கட்டிக்கொண்டு வாயிலோனிடம் அவர் சினந்து பேசுகிறார். கோடரியுடன் காடு புகும் தச்சர்மக்களுக்கு மரம் கிடையாமற் போகுமோ, எத்திசையிலும் எமக்கு உணவுண்டு என்கிறார். அங்கே ஊன்றுகோல் இல்லை.