மன்னாரிலிருந்து மாத்தளை வரை

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதி. அதற்குள் ஒன்றையொன்று ஒவ்வாத நிலங்கள் எத்தனை! காரணம், தீவின் நடுவே நிற்கும் மலைத்தொகுதி. அதன் முடியாகிய பீதுருதலாகலையின் உயரம் 2,524 மீட்டர். தென்மேற்குப் பருவக்காற்றின் நீரைத் தென்மேற்குச் சரிவே வாங்கிக்கொள்ளும். வடக்கும் கிழக்கும் ஐப்பசி மழையை எதிர்பார்த்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் வாழும் சேவூர்க்காரர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் அவ்வறண்ட சமவெளியிலேதான் அனுராதபுரமும் பொலன்னறுவையும் எழுந்தன. மழைநீரை ஏரிகளில் தேக்கி நெல் விளைத்தனர். பொலன்னறுவையில் சோழர் எடுப்பித்த வானவன் மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கிறது. வடகோடி யாழ்ப்பாணத்திலோ வற்றாத ஆறே இல்லை. சுண்ணாம்புப் பாறையில் ஊறும் கிணற்று நீரே உயிர்.

பிரயாணிகள் பெரிதும் விரும்புவது மலைநாடு. நுவரெலியாவின் குளிரையும் தேயிலைப் பசுமையையும் வியவாதார் இல்லை. அப்பசுமை பழமையானதன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் காடழித்துக் காப்பி பயிரிட்டனர். அதற்கு உழைத்தவர், பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணிகளின் பின்னே கடல் கடந்த தமிழர். மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வரை, 200 கிலோமீட்டருக்கும் மிகுதியான தொலைவை நடந்தே சென்றனர். காய்ச்சலும் வாந்திபேதியும் வழிநெடுகப் பலரை மாய்த்தன. அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அரசர் வெட்டிய ஏரிகளை நினைவில் வைக்கும் வரலாறு இவர்களை மறந்தது முறையன்று என்பது என் கருத்து.

1869இல் காப்பியிலையைத் துருநோய் பற்றியது, தோட்டங்கள் அழிந்தன. 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்று, உழைத்தவர் மாறவில்லை. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மலையிலே பிறந்து, இந்தியாவைக் கண்டறியாதவர்கள் மண்டபம் முகாமில் வந்து தங்கினர். பலர் நீலகிரியில், மீண்டும் தேயிலைச் செடிகளின் நடுவே குடியேறினர். அங்கேயே தங்கி, நாடற்றிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை அளித்தது.

கண்டியிலிருந்து சிகிரியாவைக் காணச் செல்வோரின் வண்டிகள் மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலைக் கடந்து, தம்புள்ளையை நோக்கிச் சில மணி நேரத்தில் விரைகின்றன. அன்று அம்மக்கள் நடந்துவந்த வழி அதுவே, திசைதான் வேறு.