பாணர் பாட்டு

பாணர் பாட்டு என்பது யாழைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று பாடிப் பிழைத்த பாணர்களின் இசை மரபு. சோழர் தலைநகரான உறையூரும் காவிரிக்கு அப்பால் உள்ள திருவரங்கமும் இம்மரபின் வாழ்வையும் வீழ்ச்சியையும் ஒருங்கே காட்டும் இடங்கள்.

சங்க காலத்தில் சீறியாழ் மீட்டியவர் சிறுபாணர், பேரியாழ் மீட்டியவர் பெரும்பாணர் எனப்பட்டனர். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் வழியில் எதிர்ப்படும் வறியவனுக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் சொல்வது ஆற்றுப்படை. தொல்காப்பியமே இதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. அலைந்து பாடுவோரின் பசியை இப்பாடல்கள் மறைப்பதில்லை. சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கிக் கதவை அடைத்துவிட்டு உறவோடு பகிர்ந்து உண்கிறாள். பொருநராற்றுப்படையில் பேனும் ஈரும் மண்டிய கந்தலோடு வந்த பொருநனுக்குச் சோழன் கரிகாலன் புத்தாடை உடுத்தி, பல் மழுங்கும் அளவுக்கு இறைச்சி ஊட்டுகிறான். விடைகொடுக்கும்போது ஏழடி பின்னால் நடந்து வழியனுப்புகிறான்.

பாணர் பாட்டுக்கு நெருங்கிய உறவுடையவை அமெரிக்க 'ஹோபோ' பாடல்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு வேலை தேடி அலைந்தவர்களின் பாடல்கள் அவை. ஹாரி மெக்கிளின்டாக் 1928இல் ஒலிப்பதிவு செய்த 'பிக் ராக் கேண்டி மவுண்டன்' பசியே இல்லாத நாடொன்றைக் கற்பனை செய்கிறது. ஆற்றுப்படை காட்டும் வள்ளலின் ஊரும் பசித்தவன் மனத்தில் எழும் அதே ஊர்தான். ஜிம்மி ராஜர்ஸ், வுடி கத்ரி வழியாக அந்தப் பாட்டு பாப் டிலன் வரை சென்று சேர்ந்தது. பாணர் பாட்டும் அப்படிப் பொது இசைக்குள் நுழைந்ததுதான். ஆனால் அதற்கு முன் பாணர்களின் நிலை தாழ்ந்துபோயிற்று.

உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வார் தீண்டாமையால் அரங்கன் கோயிலுக்குள் நுழைய முடியாமல் காவிரியின் தென்கரையில் நின்று பாடினார். நீரெடுக்க வந்த லோகசாரங்க முனிவர் அவர்மேல் கல்லெறிந்ததாகவும், பின்னர் அரங்கன் ஆணைப்படி அவரைத் தோளில் சுமந்து உள்ளே சென்றதாகவும் வைணவ மரபு கூறுகிறது. அன்று பாடியவை 'அமலனாதிபிரான்' பாசுரங்கள் பத்து. மன்னன் பின்னால் நடந்து வழியனுப்பிய கலைஞர் கூட்டத்தின் வழித்தோன்றல் கல்லடி பட்டார் என்பதை பக்திக் கதை என்று மட்டும் படித்துக் கடந்துவிடக் கூடாது.

சைவத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவி மதங்கசூளாமணியாரும் ஞானசம்பந்தரோடு தலம்தோறும் சென்று பதிகங்களுக்கு யாழ் வாசித்தனர். சிராப்பள்ளி, கற்குடி, உறையூர் மூக்கீச்சரம், ஆனைக்கா என இன்றைய திருச்சிக்குள் அடங்கும் நான்கு தலங்களும் சம்பந்தர் பாடியவை. பிற்காலத்தில் தேவாரப் பண்முறை மறைந்தபோது, யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்ணைத் திருஎருக்கத்தம்புலியூரில் கண்டறிந்தே பண்கள் மீட்கப்பட்டன என்கிறது திருமுறைகண்ட புராணம். தக்கேசிப் பண்ணைக் காம்போதி ராகம் என்றும், பழம்பஞ்சுரப் பண்ணைச் சங்கராபரணம் என்றும் ஓதுவார்கள் இன்று பாடுகிறார்கள்.

வைணவத்தில், திருவரங்கத்தில் நாதமுனிகள் ஆழ்வார்களின் பாசுரங்களுக்கு இசை வகுத்து அரையர் சேவையை நிறுவினார். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாள்களில் அரையர்கள் கூம்புக் குல்லாய் அணிந்து, கைத்தாளம் இட்டு, பாசுரங்களை அபிநயத்தோடு பாடுகிறார்கள்.

திரையிசைக்கும் பாணர் கதை வந்தது. ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) படத்தில் வறிய பாணபத்திரருக்காக இறைவனே விறகு விற்பவராக வந்து பாடுகிறார். கே.வி. மகாதேவன் இசையில் செவ்வியல் ராகங்கள் தெருவெங்கும் ஒலித்தன. பாணபத்திரருக்குப் பொருள் கொடுக்கும்படி சேரமானுக்கு ஆலவாய் இறைவன் எழுதியதாகக் கருதப்படும் திருமுகப் பாசுரம், பதினோராம் திருமுறையின் முதல் நூலாக உள்ளது. அதுவும் ஒருவகை ஆற்றுப்படையே.

யாழ் மட்டும் வழக்கொழிந்தது. அதன் அமைப்பையும் சுரங்களையும் ஆராய்ந்த விபுலானந்தரின் 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. திருச்சியின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் சபாக்களுக்கும் கச்சேரிகளுக்கும் முன்னே போய், உறையூர்ப் பாணரிடமிருந்து தொடங்க வேண்டும்.