பதிவேடு இல்லாத சங்கம்

உறையூர் மண்மாரியில் மூடுண்ட ஊர் என்பது தலபுராணம். ஊரின் காவல் தெய்வமான வெக்காளியம்மன் கூரையில்லாக் கருவறையில் வானம் பார்த்து அமர்ந்திருப்பதற்கும் அந்தக் கதையையே காரணமாகச் சொல்வார்கள். புராணத்தை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் உறையூரின் பழமையை மண்ணுக்கு அடியில்தான் தேட வேண்டும் என்பதை, 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்வு மெய்ப்பித்தது. சோழரின் பழைய தலைநகரில் குவியல் குவியலாகக் கிடைத்தவை பானையோடுகள்தாம். கறுப்பு-சிவப்பு ஓடுகள், செங்காவி பூசி வெள்ளைக் கோடிட்ட ஓடுகள், ரோமானிய உலகிலிருந்து வந்த அரிட்டைன் ஓடுகள், உட்புறம் உருளைக் கோலமிட்ட ரௌலட்டட் ஓடுகள், தமிழி எழுத்து கீறிய ஓடுகள். துணிக்குச் சாயம் ஏற்றிய செங்கல் தொட்டியும் கிடைத்தது. சாயத்தொட்டி உறையூரின் துணிப் புகழுக்குச் சான்றாகிவிட்டது. பானையைச் செய்தவர்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. அவர்கள் ஆளுக்கொரு சூளை வைத்துப் பிழைத்த தனி மனிதர்களா, அறிவைப் பொதுவில் வைத்துக் காத்த ஒரு தொழிற்குழுவா? இந்த வாரம் நாம் ஆராயப்போவது இதைத்தான்.

தொழிற்சங்கம், தொழில்முறைச் சங்கம் என்றதும் தலைவர், செயலாளர், பதிவு எண், ஆண்டு மாநாடு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த வடிவம் அண்மைக் காலத்தது. மண்பொருள் துறையில் அது பிறந்த கதை தெளிவானது. 1898-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் செங்கல் உற்பத்தியாளர் மாநாடு ஒன்று கூடியது. அங்கே எழுந்த யோசனைதான் மறு ஆண்டில் அமெரிக்கச் செராமிக் சங்கமாக உருவெடுத்தது. அதன் முதல் செயலாளர் எட்வர்ட் ஆர்டன், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1894-இல் அந்நாட்டின் முதல் செராமிக் கல்வித்துறையைத் தொடங்கியவர். 1900-இல் இங்கிலாந்தில் பானைத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டாஃபோர்டுஷயரிலும் சங்கம் வந்தது. நம் நாட்டில் இந்தியச் செராமிக் சங்கம் 1928-இல் தோன்றி, பின்னர் பல மாநிலங்களில் கிளைவிட்டது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நோக்கம் ஒன்று. ஒருவர் அடுப்படியில் கண்டுபிடித்ததை எல்லோரும் அறியும்படி செய்ய வேண்டும், அதைச் சோதித்து அளவுகோலாக்க வேண்டும், அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தர வேண்டும். சங்கத்தின் உயிர் இதுதான் என்றால், பதிவேட்டை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த மூன்றும் உறையூரில் இருந்தனவா என்று பார்ப்பதே நியாயமான சோதனை.

உறையூரின் கறுப்பு-சிவப்பு ஓடு ஒன்றை எடுத்து உடைந்த விளிம்பைப் பாருங்கள். வெளிப்புறம் செந்நிறம், உட்புறமும் வாய்விளிம்பும் கறுப்பு. வெளியே சிவப்பும் உள்ளே கறுப்பும் ஓடி நடுவில் சாம்பல் நிறமாய்ச் சந்திக்கின்றன. சாயம் பூசியதால் வந்த நிறமில்லை இது. பானையைச் சூளையில் தலைகீழாகக் கவிழ்த்து அடுக்கினால் உள்ளே காற்று போகாது. எரியும் வைக்கோலும் இலையும் விடும் புகைக்கரி உட்சுவரில் ஏறிப் படியும். வெளிச்சுவருக்குக் காற்றோட்டம் கிடைப்பதால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கும். ஒரே தீயில் இரண்டு வேலை. இதைச் செய்ய எந்த அளவு விறகு, எத்தனை நேரம், சூளையை எப்போது மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்ற கணக்கு வேண்டும். சற்று முன்னதாகத் திறந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். காற்று தவறினால் சிவப்பும் கருத்துவிடும். இந்தக் கணக்கு பிசகாமல் ஆயிரக்கணக்கான பானைகள் வந்திருக்கின்றன என்பதே நம் முதல் சான்று.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. இரும்பு கலந்த களிமண்ணையும் தலைகீழ் அடுக்கையும் தீயையும் சேர்த்தால் இயற்கை தானாகவே இந்த நிறத்தைத் தரும், இதில் குழு எங்கே வந்தது என்று கேட்கலாம். இயற்கை நிறத்தைத் தரும் என்பது சரி. ஆனால் காவிரிக் கரை வண்டலும் கொங்குநாட்டுக் கொடுமணல் மண்ணும் வைகைக் கரைக் கீழடி மண்ணும் ஒன்றல்ல. இத்தனை ஊர்களிலும் கறுப்பு-சிவப்பு ஓடு கிடைக்கிறது. வெவ்வேறு மண்ணில் ஒரே விளைவு வர வேண்டுமென்றால் மணல் கலப்பையும் சூளை நேரத்தையும் அந்தந்த ஊருக்கு ஏற்ப மாற்றத் தெரிந்த கைகள் வேண்டும். ஒரு ஊரில் பலித்த முறை அடுத்த ஊருக்கு நடந்து போயிருக்கிறது, அங்கே சோதிக்கப்பட்டிருக்கிறது, திருத்தப்பட்டிருக்கிறது. இது சந்தையின் தேவையால் மட்டும் நடக்கக்கூடியதல்ல. சந்தை பானையைக் கேட்கும், பானையைச் சுடக் கற்றுத்தராது.

கற்றுத்தருதல் எப்படி நடந்தது? புறநானூற்றின் 32-ஆவது பாடலில் கோவூர் கிழார் சோழன் நலங்கிள்ளியைப் புகழ்கிறார். அரசன் எண்ணியபடி இந்த நாடு அமையும் என்று சொல்ல அவர் எடுத்த உவமை, குயவர் வீட்டுச் சிறுவர்கள் சக்கரத்தில் வைத்த பச்சை மண். உவமைக்கு ஏன் முதிர்ந்த குயவர் வரவில்லை, சிறுவர்கள் வந்தார்கள்? சக்கரத்தின் முன் சிறுவர்கள் உட்கார்ந்திருப்பது அந்தக் காலத்து ஊர்க்காட்சி என்பதால்தான். உறையூர் முற்றுகையின்போது சோழர் இருவருக்கிடையே சமாதானம் பேசிய அதே புலவர் சொல்வது இது. கவிதைக்காகச் சொன்னதை வரலாறாகக் கொள்ளலாமா என்பார்கள். உவமையின் உயிரே கேட்பவருக்குத் தெரிந்ததைச் சொல்வதில் இருக்கிறது. பழக்கமில்லாத காட்சி உவமையாகாது. கல்வி மண்ணோடு கைகோத்து நடந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று அந்தக் காலத்தில் வேறு இல்லை. குயவருக்கு வழங்கிய பெயரில் 'கோ' என்ற சொல் சேர்ந்திருந்ததும், ஊர் அவர்களை எந்த இடத்தில் வைத்தது என்பதைச் சொல்கிறது.

அப்படியானால் அவர்கள் பெயரில் ஒரு கல்வெட்டாவது இருக்க வேண்டாமா? மதுரைக்கு அருகே மாங்குளத்தின் தமிழிக் கல்வெட்டில் வெள்ளறை நிகமத்தார் வருகிறார்கள். நிகமம் என்றால் வணிகர் குழு. அந்த வெள்ளறையைத் திருச்சிக்கு வடக்கிலுள்ள திருவெள்ளறை என்போரும் உண்டு, மதுரைப் பக்கத்து ஊர் என்போரும் உண்டு. வணிகருக்கு இருந்ததுபோல் குயவருக்கு நிகமம் இருந்ததாக அது சொல்லவில்லை, சொன்னதாக நாமும் வலிந்து பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் இன்னொன்று இருக்கிறது. பல்லவர் செப்பேடுகளில் குசக்காணம் என்ற வரி காணப்படுகிறது, குயவர் செலுத்தியது. பிற்காலக் கல்வெட்டுகளில் சக்கரத்தின் பெயராலேயே திரிகை ஆயம் வருகிறது. தறிக்கும் செக்குக்கும் இருந்ததுபோல் திரிகைக்கும் வரி. அரசு வரி போட ஒரு தொழிலைத் தனியாக அடையாளம் காண வேண்டும். வணிகர் தம் பெயரைத் தாமே கல்லில் வெட்டிக்கொண்டார்கள், குயவரின் பெயரை வரி எழுதி வைத்தது. ஏட்டில் இடம் கிடைத்த விதத்தில்தான் இருவருக்கும் வேறுபாடு. அதைக் கொண்டு ஒருவரைக் குழு என்றும் மற்றவரைக் கூட்டம் என்றும் தரம் பிரிப்பது சரியல்ல.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறொன்று. அது சாதி. பிறப்பால் வந்த தொழில் குழுவைச் சங்கம் என்று எப்படிச் சொல்வது? சங்கத்தில் விரும்பியவர் சேரலாம், சாதியில் சேர முடியாது. இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அறிவைக் காத்த அதே வேலி அறிவை அடைத்தும் வைத்தது. அந்த வேலியை உடைத்து, குயவரல்லாத ஒருவரும் மண்ணை ஆராயலாம் என்று வழி செய்தது 19, 20-ஆம் நூற்றாண்டுச் சங்கங்களின் பெரிய கொடை. ஆனால் வேலியை உடைத்த கைகள் உள்ளே இருந்தவரை வெளியே அழைத்து வந்தனவா? ஆய்வுக்கூடமும் பட்டமும் ஆங்கில ஆய்விதழும் நுழைவாயிலாக ஆனபோது, தலைமுறைகளாகத் தீயைக் கணக்கிட்டவர் வாசலுக்கு வெளியே நின்றார். ஒரு கதவு திறந்தபோது இன்னொரு கதவு மூடியது. இன்று குயவருக்கென்று தமிழகத்தில் இருப்பது மண்பாண்டத் தொழிலாளர் நலவாரியம். ஏழ்மைக்கு உதவ வேண்டும் என்ற நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் அறிவுக்கு இடம் தருவது நலவாரியத்தின் வேலையல்ல.

ஆய்வகத்துக்கும் சூளைக்கும் இடையே அறிவு இரு திசையிலும் ஓடும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றுகளே போதும். ரௌலட்டட் ஓடு ரோமிலிருந்து வந்தது என்று வெகுநாள் நம்பினார்கள். விஸ்வாஸ் கோக்தே என்ற ஆய்வாளர் அந்த ஓடுகளின் மண்ணை எக்ஸ்-கதிரில் சோதித்து, அது கங்கைக் கழிமுகப் பகுதியைச் சேர்ந்தது என்ற முடிவுக்கு வந்தார். கீழடி ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கரியின் நுண்குழாய்கள் இருப்பதை வேலூர் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். இன்றைய ஆய்வகம் புரிந்துகொள்ளப் பாடுபடும் ஒன்றை அன்றைய சூளை தெரிந்தோ தெரியாமலோ செய்து வைத்திருந்தது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் வந்தபோது உரிமையைத் தனி ஆளுக்குத் தரவில்லை, உற்பத்தியாளர்களின் அமைப்புக்கே தந்தது. அந்த வழியில் மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் குறியீடு கிடைத்தது. ஒரு ஊரின் மண்ணும் கையும் சேர்ந்த அறிவு பொதுச் சொத்து என்பதை நாட்டின் சட்டமே ஏற்றுக்கொண்டது.

ஆகவே மண்பொருள் அறிஞர்களின் சங்கம் திருச்சி வட்டாரத்தில் தன் வரலாற்றை எழுத முற்பட்டால், முதல் வரியில் 1928 வரக்கூடாது. உறையூரின் கறுப்பு-சிவப்பு ஓடு வர வேண்டும். உறுப்பினர் பட்டியலில் பொறியாளருக்குப் பக்கத்தில் குயவரும் உட்கார வேண்டும், காட்சிப்பொருளாக அல்ல, ஆசிரியராக. காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை இன்றும் புதிய மண்பானையில்தான் ஏறுகிறது. அடுப்பில் வெடிக்காத பானையை நாள் தவறாமல் தர முடிகிற கைகள் இன்னமும் நம்மிடையே இருக்கின்றன. அந்தக் கைகளுக்குப் பதிவு எண் இல்லை. கணக்கு இருக்கிறது. அதை எழுதி வைக்க வேண்டிய கடமை, எழுதத் தெரிந்த சங்கங்களுடையது.

அடுத்த வாரம்: வைகைக் கரையில் மானாமதுரை. பானை எப்படிக் கடமாயிற்று?

(தொடரும்)