மாஸ்ட் செல்களும் ஒட்டுண்ணிப் புழுக்களும்

மாஸ்ட் செல் என்பது தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் உட்பரப்பை ஒட்டியும் சிறிய ரத்தக்குழாய்களைச் சுற்றியும் நிலையாகத் தங்கியிருக்கும் எதிர்ப்பாற்றல் செல். அதனுள் நிறைந்திருக்கும் துகள்களில் ஹிஸ்டமினும் ஹெப்பாரினும் புரதங்களைச் சிதைக்கும் நொதிகளும் அடைபட்டிருக்கின்றன. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் இதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதற்கு அறிமுகமான அயற்பொருள் வந்து பிணைந்ததும் சில நிமிடங்களில் துகள்கள் வெளியே கொட்டப்படும். தும்மல், தோல் தடிப்பு, இளைப்பு, சில வேளைகளில் உயிரையே பறிக்கும் அதிர்ச்சி நிலை ஆகியவை அதன் விளைவுகள். இத்தனை தொல்லை தரும் ஓர் ஏற்பாட்டை உடல் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது என்ற கேள்விக்கு நீண்ட காலமாகச் சொல்லப்படும் விடை, புழு. இந்த விடை எவ்வாறு உருவானது, அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1878இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த பால் எர்லிக், அனிலின் சாயங்களால் திசுக்களை நிறமேற்றியபோது சாயத்தின் நிறத்தையே மாற்றிக் காட்டும் துகள் செல்களைக் கண்டு, தம் ஆய்வேட்டில் விவரித்தார். ஊட்டம் மிகுந்ததால் திரண்ட சேமிப்பே இத்துகள்கள் என்று அவர் கருதினார். அதன் பின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் செல்லின் வேலை தெளிவாகவில்லை. 1937இல் ஸ்வீடனில் ஹோல்ம்கிரன், வில்லாண்டர் ஆகியோர் ஹெப்பாரினை இதனோடு தொடர்புபடுத்தினர். 1950களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரைலியும் வெஸ்டும் திசுக்களில் உள்ள ஹிஸ்டமினின் இருப்பிடம் மாஸ்ட் செல்லே என்று காட்டினர்.

ஒவ்வாமை ஆய்வு இதற்கிடையே தனி வழியில் வளர்ந்தது. 1921இல் பிரெஸ்லவ் நகரில் பிரௌஸ்னிட்ஸ் என்ற மருத்துவர், மீன் ஒவ்வாமை கொண்ட தம் சக ஆய்வாளர் கூஸ்ட்னரின் ரத்தநீரைத் தம் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் தடிப்பு எழுந்தது. ஒவ்வாமையை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கடத்தும் ஏதோ ஒன்று ரத்தநீரில் இருப்பது இவ்வாறு உறுதியானது. அதைப் பிரித்தெடுக்க மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1966-67இல் டென்வரில் கிமிஷிகே, தெருகோ இஷிசாகா தம்பதியரும், தனியாக உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிக்கும் அதைக் கண்டறிந்தனர். 1968இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஐஜிஇ என்று பெயரிட்டது.

புழு இந்தக் கதைக்குள் நுழைந்தது கால்நடைகள் வழியாக. வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுக்கள் நிறைந்த செம்மறி ஆடுகள், புதிதாக இளம்புழுக்களை விழுங்கியதும் பழைய புழுக்களைக் கூட்டமாக வெளியேற்றுவதை 1929இல் நார்மன் ஸ்டோல் பதிவு செய்தார். தானே குணமாகும் இந்த நிகழ்வு ஒவ்வாமை எதிர்வினையாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் வலுத்து, 1960களில் கிளாஸ்கோ கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் எலிகளில் அதை விரிவாகச் சோதித்தனர். 1964இல் பிரிட்ஜெட் ஓகில்வி, நிப்போஸ்ட்ராங்கிலஸ் புழுவை வென்ற எலிகளின் ரத்தநீரில் ஒவ்வாமைக்குரிய எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டினார். ஐஜிஇ பெயர் பெற்ற 1968ஆம் ஆண்டிலேயே யோஹான்சனும் அவருடன் சேர்ந்தோரும் எத்தியோப்பியக் குழந்தைகளைப் பரிசோதித்தனர். ஸ்வீடன் குழந்தைகளைவிடப் பல மடங்கு ஐஜிஇ அவர்கள் ரத்தத்தில் இருந்தது. உருண்டைப்புழு உள்ளவர்களிடம் அளவு இன்னும் கூடுதல். ஒவ்வாமை நோயாளிகளிடம்கூட அரிதாகக் காணப்படும் அளவு, ஏழை நாட்டுக் குழந்தைகளிடம் இயல்பாக இருந்தது. புழுவுக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள உறவை ஆய்வுலகம் கூர்ந்து கவனிக்க இதைவிட வலிய காரணம் தேவைப்படவில்லை.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. இரவெல்லாம் இருமல், இளைப்பு, எடை குறைவு, ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணுக்களின் பெருக்கம் என்று ஒரு நோய் இந்தியாவில் காசநோயாகத் தவறாகக் கருதப்பட்டுவந்தது. 1940இல் மதனப்பள்ளியில் பணியாற்றிய ஃப்ரிமோட்-மோலரும் பார்டனும் அதைத் தனி நோயாக விவரித்தனர். 1958-59இல் சிங்கப்பூரில் டி. ஜே. தனராஜ், யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் இந்த நோயைக் குணப்படுத்துவதையும், நோயாளிகளின் ரத்தநீர் யானைக்கால் புழுவினத்தின் சாற்றுடன் வினைபுரிவதையும் காட்டினார். 1960இல் வேலூரில் வெப், ஜாப், கால்ட் ஆகியோர் நோயாளிகளின் நுரையீரலிலும் கல்லீரலிலும் நிணநீர்க் கணுவிலும் மைக்ரோஃபைலேரியாக்கள் எனப்படும் புழுக் குஞ்சுகளைக் கண்டனர். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் தொற்றுள்ளோரில் பெரும்பாலானோர் ரத்தத்தில் சந்தடியின்றித் திரிகின்றன. இந்த நோயாளிகளிடமோ உடல் கடுமையாகச் சீறுகிறது. ஐஜிஇ மிக உயர்கிறது. குஞ்சுகள் ரத்தத்தில் தென்படாமல் திசுக்களிலேயே அழிக்கப்படுகின்றன. எதிர்ப்பாற்றல் புழுவை வெல்லும்போது நுரையீரலைக் காயப்படுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான மனித உதாரணம் கிடைப்பது அரிது.

மாஸ்ட் செல்தான் புழுவை விரட்டுகிறதா? இக்கேள்வியில் ஆய்வாளர்கள் அதிகம் அலைக்கழிந்தனர். புழு நுழைந்ததும் குடற்சுவரில் மாஸ்ட் செல்கள் பெருகுவது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் நிப்போஸ்ட்ராங்கிலஸ் தொற்றில் அவற்றின் உச்சம், புழுக்கள் வெளியேறத் தொடங்கிய பின்னரே வருகிறது. 1978இல் கிடாமுராவும் சக ஆய்வாளர்களும் மரபணுக் குறையால் மாஸ்ட் செல் ஏறத்தாழ இல்லாத எலி வகையை அடையாளம் காட்டியதும் நேரடிச் சோதனைக்கு வழி பிறந்தது. விடை புழுவுக்குப் புழு மாறியது. அந்த எலிகளில் டிரைகினெல்லா புழு வெளியேறுவது தெளிவாகத் தாமதமானது. நிப்போஸ்ட்ராங்கிலஸோ பெரும்பாலும் தடையின்றி விரட்டப்பட்டது. டிரைகினெல்லா குடலின் மேற்புற செல்களுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. நிப்போஸ்ட்ராங்கிலஸ் குடலின் உள்வெளியில் கிடப்பது. செல்லுக்குள் இருக்கும் எதிரிக்கும் வெளியே கிடக்கும் எதிரிக்கும் ஒரே ஆயுதம் பயன்படாதது இயல்பே.

ஆயுதம் எது என்பதும் ஓரளவு புலப்பட்டது. எடின்பரோவில் ஹியூ மில்லரின் குழு ஆராய்ந்த ஒரு மாஸ்ட் செல் நொதி இல்லாத எலிகள் டிரைகினெல்லாவை விரட்டத் தாமதித்தன. குடல் செல்களை நெருக்கிப் பிணைத்திருக்கும் இணைப்புகளை அந்த நொதி தளர்த்துகிறது. திசு நீர் குடலுக்குள் கசிந்து புழு இருக்கும் இடம் குலைகிறது. ஒவ்வாமையில் மூக்கு ஒழுகுவதும் குடலில் புழு வெளியேறுவதும் ஒரே வகைச் செயலின் இரு முகங்கள் என்று இதைக் கொண்டு சொல்லலாம். ஆனால் புழுக்களுக்காகவே ஐஜிஇ தோன்றியது என்று முடிவு கட்டுவது அவசரம். தேனீ விஷத்தின் தீங்கை ஐஜிஇ தணிப்பதாக 2013இல் வெளியான எலி ஆய்வுகள், விஷத்துக்கும் இதில் பங்கு இருக்கக்கூடும் என்று காட்டுகின்றன.

2010களில் மாஸ்ட் செல் தனியாக நிற்பதில்லை என்பது உறுதியானது. குடலின் டஃப்ட் செல்கள் புழுவை உணர்ந்து இன்டர்லூக்கின்-25ஐ வெளியிடுகின்றன, அது இன்னொரு வகைச் செல்களைத் தூண்டி சளியைப் பெருக்கச் செய்கிறது என்று 2016இல் மூன்று குழுக்கள் தனித்தனியே அறிவித்தன.

புழு ஒவ்வாமையைத் தணிக்கிறதா என்ற எதிர்ப்பக்கமும் வேகமாக விரிந்தது. காபோன் நாட்டில், சிறுநீர்ப் பாதை சிஸ்டோசோமா புழு உள்ள பள்ளிக் குழந்தைகளிடம் வீட்டுத் தூசி ஒவ்வாமையின் தோல் தடிப்பு குறைவாக இருப்பதை வான் டென் பிகெலாரும் சக ஆய்வாளர்களும் 2000இல் கண்டனர். பின்னர் குடற்புழு நீக்கிய குழந்தைகளில் அந்தத் தடிப்பு கூடியது. இதைக் கேட்டு, புழுக்களை விட்டுவைக்கலாமே என்று சிலர் நினைக்கலாம். கொக்கிப்புழுவால் ரத்தசோகை வந்து படிப்பும் வளர்ச்சியும் தடைபடும் குழந்தைகளை எண்ணினால் அந்த எண்ணம் நிற்காது. ஆண்டுதோறும் பிப்ரவரி 10 அன்று இந்தியப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பென்டசோல் கொடுப்பது இதற்காகவே. மேலும், ஒவ்வாமை நோயாளிகளுக்கு வேண்டுமென்றே புழு கொடுத்துப் பார்த்த சிகிச்சைச் சோதனைகளும் பயன் காட்டவில்லை. நாட்டிங்ஹாமில் ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொக்கிப்புழுவும், டென்மார்க்கில் மகரந்த ஒவ்வாமைக்குப் பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டையும் கொடுக்கப்பட்டன. ஆகவே ஆய்வுகள் புழுவை விட்டு, அது சுரக்கும் பொருள்களை நோக்கித் திரும்பியுள்ளன. எலிக் குடலில் வாழும் ஹெலிக்மோசோமாய்டஸ் புழு வெளியிடும் ஒரு புரதம், ஒவ்வாமையைத் தொடக்கி வைக்கும் இன்டர்லூக்கின்-33ஐப் பிடித்துக் கட்டுகிறது என்று 2017இல் ஹென்றி மெக்சார்லியின் குழுவினரும் அவருடன் இணைந்தோரும் வெளியிட்டனர்.