காலணாவும் கிளிக்கும்: முகவரி கேட்கும் விளம்பரத்தின் வரலாறு

துறையூரில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் ‘குரூப் 4 பழைய வினாத்தாள்’ என்று கைபேசியில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முடிவுகளுக்கு மேலே ஏதோ ஒரு பயிற்சி மையத்தின் கட்டண விளம்பரம் வரும். தொட்டால் ஒற்றைப் பக்கம் திறக்கும். பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். நிரப்பினால் வினாத்தாள் இலவசம். தொழிலில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தை ‘லேண்டிங் பேஜ்’ என்றும், நிரப்பியவரை ‘லீட்’ என்றும் சொல்வார்கள். காசு கேட்காமல் முகவரியை மட்டும் கேட்கும் இந்த முறை இணையத்துக்கு மிகவும் முந்தையது. அதன் தடத்தைப் பின்தொடர்ந்தால், தொடர்புகொள்ளும் செலவை யார் ஏற்றார்கள் என்ற கேள்வி திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. வாசகர் தந்த சம்மதத்தின் கனம் அதைப் பொறுத்தே கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பொருளைப் பெறும்போது தபால்காரரிடம் பணம் செலுத்தும் வி.பி.பி. முறையை இந்திய அஞ்சல் துறை 1877இல் தொடங்கியது. 1879 ஜூலையில் காலணாத் தபால் அட்டை வந்தது. இவ்விரண்டும் சேர்ந்து, சென்னைக்குப் போகாமலே சென்னைக் கடையில் சரக்கு வாங்கும் வசதியைப் பச்சைமலை அடிவாரத்து ஊர்களுக்கும் கொண்டுவந்தன. பத்திரிகை விளம்பரத்தின் அடியில் ‘காட்லாக் இலவசம்’ என்றிருக்கும். வாசகர் காலணா செலவழித்து, தன் கையாலேயே முகவரி எழுதி அனுப்புவார். கடைக்காரருக்கு அதைவிட உறுதியான சம்மதம் வேறில்லை. எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்குவதற்கு முன்பே விளம்பரத் தொழிலிலும் அஞ்சல்வழி விற்பனையிலும் பழகியவர் என்பதை இங்கே நினைக்க வேண்டும். தமிழ் வெகுஜன இதழியலுக்கும் அஞ்சல்வழி வணிகத்துக்கும் இருந்த உறவு தனி ஆய்வுக்கு உரியது. எந்த விளம்பரம் எத்தனை கடிதங்களைக் கொண்டுவந்தது என்று எண்ணிப் பார்க்கும் கலையை அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இலேயே நூலாக எழுதிவிட்டார்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையச் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. மறு ஆண்டே ஹாட்மெயில் இலவச மின்னஞ்சலைத் தந்தது. திருச்சியின் பிரவுசிங் சென்டர்களில் பலருக்கும் முதல் வேலை ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்குவதுதான். ஆனால் காலணா மறைந்துவிட்டது. கேட்பவருக்கும் செலவில்லை, அனுப்புபவருக்கும் செலவில்லை. எனவே கேட்காத கடிதங்கள் குவிந்தன. 1999இல் சேத் காடின் ‘பெர்மிஷன் மார்க்கெட்டிங்’ நூலில் அனுமதி பெற்றே எழுத வேண்டும் என்று வாதிட்டார். பதிவுசெய்தவருக்கு ஓர் அஞ்சல் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அவர் அழுத்திய பிறகே பட்டியலில் சேர்க்கும் இரட்டை ஒப்புதல் முறையும் பரவியது. தபால் அட்டை எழுதுபவர் பட்ட அந்தச் சிறு சிரமத்தை மீட்டெடுத்த ஏற்பாடாகவே அதை நான் பார்க்கிறேன்.

தேடல் விளம்பரம் செலவை வணிகர் தலையில் வைத்தது. 1998இல் கோடூ நிறுவனம் தேடுசொற்களை ஏலம் விட்டது. கூகுள் ஆட்வேர்ட்ஸ் 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு தொடங்கி, 2002இல் கிளிக்குக்குக் காசு என்னும் ஏலத்துக்கு மாறியது. கணக்கு எளிது: கிளிக் ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் 100 பேர் வந்து, 5 பேர் படிவத்தை நிரப்பினால் ஒரு முகவரியின் விலை 200 ரூபாய். வந்தவர் நழுவக் கூடாது என்பதற்காகவே மெனு இல்லாத ஒற்றைப் பக்கம் உருவானது. முகவரியைக் கறப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாத பக்கங்கள் பெருகியபோது, கூகுள் பக்கத்தின் தரத்தையும் விளம்பர மதிப்பெண்ணில் சேர்த்தது. தரம் குறைந்தால் அதே இடத்துக்குக் கூடுதல் காசு.

இவ்வரலாற்றின் முக்கியமான இந்திய வழக்கு சென்னையில் நடந்தது. அமெரிக்காவில் வேலை பார்த்த முருகவேல் ஜானகிராமன் 1997இல் தமிழர்களுக்காக, நாட்காட்டியோடு ஒரு தளம் தொடங்கினார். அதில் வரன் தேடும் பகுதிக்கே கூட்டம் வந்தது, பாரத்மேட்ரிமோனி பிறந்தது. இலவசப் பதிவுதான் அத்தொழிலின் வாசல். தங்கள் பெயரிலுள்ள சொற்களைத் தேடுவோருக்குப் போட்டி நிறுவனங்களின் விளம்பரங்கள் காட்டப்படுவதாக அதன் உரிமையாளரான கன்சிம் இன்ஃபோ, கூகுள் மீதும் போட்டியாளர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. 2010 செப்டம்பர் 30 அன்று நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ போன்றவை சேவையை விவரிக்கும் சொற்கள் என்று கருதி, கேட்ட முழுத் தடையைத் தரவில்லை. அந்நிறுவனமும் மற்றோர் அமைப்பும் தந்த புகார்களின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் ஆட்வேர்ட்ஸ் தொடர்பாக அது குற்றம் காணவில்லை. வாசலில் நிற்பவரை யார் அழைக்கலாம் என்பதே இரண்டு இடங்களிலும் விவாதம். அழைக்கப்பட்டவரின் விருப்பம் அங்கே விவாதப் பொருளாகவில்லை.

அதே பிப்ரவரியில்தான் ஆட்வேர்ட்ஸில் தமிழ் சேர்ந்தது. சிற்றூர் வணிகர் தமிழிலேயே விளம்பரம் செய்ய வழி பிறந்தது. ஆனால் மின்னஞ்சல் முகவரியை இன்றும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். பத்து இலக்கக் கைபேசி எண்ணுக்கு எந்த எழுத்தும் வேண்டாம். நம் ஊர்ப் படிவங்களில் எண் முதலிடத்துக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். எண்ணைச் சரிபார்க்க ஓ.டி.பி. வரும். அது எண் உண்மையானதா என்று மட்டுமே சொல்லும், விருப்பத்தைச் சொல்லாது. இரட்டை ஒப்புதலின் உடல் மிஞ்சியது, உயிர் போய்விட்டது.

சட்டம் தாமதமாகவே வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் தொல்லை தரும் மின்னஞ்சலைத் தொட்ட உட்பிரிவு, அந்தப் பிரிவு முழுவதோடும் சேர்த்து 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. பேச்சுரிமைக்கு அது சரியான தீர்ப்பு; மின்னஞ்சலுக்கு மாற்று ஏற்பாடு வரவில்லை என்பதுதான் குறை. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கட்டாயமின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, தெளிவான செயலால் தரப்பட வேண்டும் என்கிறது. தந்த அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பையும் தரச் சொல்கிறது. நான் பார்த்த படிவங்களில் விளம்பர வாசகம் தமிழில் பெரிதாக இருக்கிறது. ‘உங்களை அழைக்கலாம்’ என்னும் வரி ஆங்கிலத்தில், கீழே, பொடி எழுத்தில் இருக்கிறது. அந்த வரியை வினாத்தாள் தேடும் துறையூர் மாணவி தமிழில் கேட்டு வாங்கலாம்.