கஹ்வா வந்த வழி



மறைமலை நகரில் ஜும்ஆ தொழுது வெளியே வருவோரின் கால்கள் தேநீர்க் கடையை நோக்கித்தான் நடக்கும். காபி அக்ரஹாரத்துப் பானம், தேநீர் உழைப்பாளிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் உரியது என்ற எண்ணம் தமிழகத்தில் ஒரு காலத்தில் வேரூன்றியிருந்ததை வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி ஆராய்ந்து எழுதியுள்ளார். இன்று நம் பிள்ளைகள் சிலர் புதுவகைக் காபியை வீட்டுக்குக் கொண்டு வருகின்றனர். சிறு குப்பி ஒன்றில் ஒரு கோப்பைக்கு மட்டும் போதுமான தூள். அதை இயந்திரத்தில் இட்டால் வெந்நீர் அழுத்தத்துடன் அதனூடே பாய்ந்து பானமாக இறங்குகிறது. ஒரே இடத்தில் விளைந்தது, இரசாயன உரமின்றி வளர்ந்தது, இளவறுவலாக வறுக்கப்பட்டது என்று உறையில் அச்சிட்டிருக்கிறார்கள்.

இது மேல்நாட்டு நாகரிகம் என்று பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். குப்பியும் இயந்திரமும் மேல்நாட்டவைதாம். நெஸ்பிரெஸ்ஸோ என்ற பெயரில் 1986இல் சந்தைக்கு வந்தவை. ஆனால் உள்ளே இருக்கும் பொருள் யாருடையது?

15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூஃபியாக்கள் இரவு திக்ருக்காக விழித்திருக்க கஹ்வா அருந்தினர். அங்கிருந்து அது மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் பரவியது. ஹிஜ்ரி 917, கி.பி. 1511. மக்காவின் முஹ்தஸிபாக இருந்த காயிர் பேக், இரவில் ஹரமுக்கு அருகே விளக்கேற்றிச் சிலர் கூடிக் கஹ்வா அருந்துவதைக் கண்டார். மதுவுக்கும் அரபியரிடையே கஹ்வா என்ற பெயர் வழங்கியதுண்டு. சந்தேகம் எழ அதுவே போதும். உலமாக்களைக் கூட்டினார். அவர்களோ, ஹராம் என்பதற்கு ஆதாரம் இல்லாதவரை எப்பொருளும் ஆகுமானதே, உடலுக்கும் அறிவுக்கும் தீங்கு உண்டா என்பதை மருத்துவர்களே சொல்ல வேண்டும் என்றனர். பாரசீக மருத்துவச் சகோதரர் இருவர் தீங்கு என்று சாட்சியமளிக்க, தடை பிறந்தது. கொட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. இதுவும் மதுவைப் போலவே போதை தருகிறது என்று அச்சபையில் ஒருவர் சொல்லப்போக, மதுவின் போதை உமக்கு எப்படித் தெரியும் என்று மடக்கப்பட்டுத் தண்டனைக்கு ஆளானார் என்பது சுவையான செய்தி.

கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணை, அதற்காகப் பொது இடத்தில் கூட்டம் கூடுவதைத்தான் தடுத்தது, கஹ்வாவைத் தடுக்கவில்லை. பின்னர் 1558 வாக்கில் அப்துல் காதிர் அல்ஜஸீரீ அவர்கள் கஹ்வா ஆகுமானதே என நிறுவ ஒரு நூலே இயற்றினார்கள். மக்காவில் நடந்தவற்றை நாம் பெரும்பாலும் அந்நூல் வாயிலாகவே அறிகிறோம்.

ஹஜ், உம்ரா சென்று வந்தோர் நினைத்துப் பாருங்கள். அங்கே சிறு ஃபின்ஜானில் பேரீச்சம்பழத்துடன் தரப்படும் கஹ்வா கருநிறமா? இல்லை, பொன்னிறம். கொட்டையை இலேசாக வறுத்து, ஏலம் இட்டுக் காய்ச்சுகிறார்கள். நம் ஊர்ப் பில்டர் காபியோ கரிய வறுவல், போதாக்குறைக்குச் சிக்கரி. காபியும் சிக்கரியும் கலந்த தூளில் 51 விழுக்காடு காபி இருந்தால் போதும் என்கிறது நம் நாட்டு விதி. எவ்வளவு சிக்கரி என்பதைப் பொட்டலத்தில் எழுதிவிட்டே விற்க வேண்டும். வாங்குகிற நாம்தான் படிப்பதில்லை.

ஒரே இடத்து விளைச்சல் என்பதும் பழையதே. உலகச் சந்தைக்குக் காபி நெடுங்காலம் ஏமன் மலைகளிலிருந்துதான் சென்றது. அது கப்பலேறிய மோக்கா துறைமுகத்தின் பெயரே காபிக்கும் பெயராயிற்று. அந்தத் தனியுரிமை குலையாமலிருக்க, முளைக்கும் விதை வெளியே செல்லாதபடி காத்தனர் என்பர். 17ஆம் நூற்றாண்டில் ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய பாபா புடன், ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபுவழிச் செய்தி. 1670 என்று ஆண்டும் சொல்கிறார்கள். மறைத்துக் கொண்டுவந்ததைச் சிலர் வீரச்செயலாக வருணிக்கிறார்கள். ஹாஜி ஒருவருக்கு அதில் என்ன பெருமை என்று எனக்கு விளங்கவில்லை. விதை முளைத்தது என்பதே நமக்குப் போதும். 1690களில் டச்சுக்காரர் மலபார் கரையிலிருந்து ஜாவாவுக்குக் காபிச் செடி கொண்டுசென்றனர். நம் ஏற்காட்டில் ஆங்கிலேயர் காபி பயிரிட்டது 1820களில்தான்.

அந்த மலைக்கு இன்றும் பாபா புடன்கிரி என்றே பெயர். முஸ்லிம்களும் இந்துக்களும் அங்குள்ள குகைக்குச் செல்கிறார்கள். அதையொட்டிய வழக்குகள் வேறு கதை. மர நிழலில், மிளகுக்கொடிகளுக்கு நடுவே அங்கு அராபிகா விளைகிறது. 2019இல் இந்திய அரசு ஐந்து காபிகளுக்குப் புவிசார் குறியீடு வழங்கியபோது, குடகு, சிக்மகளூர், வயநாடு, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகியவற்றுடன் இம்மலையின் காபியும் இடம்பெற்றது. அவற்றுள் நான்கு ஊர்ப்பெயர்கள்; ஐந்தாவது, ஓர் ஹாஜியின் பெயர்.